அபிப்பிராயமும் ஆராய்ச்சியும்

அபிப்பிராயம் என்பது வடசொல். ஒன்றை நோக்கிச் செல்லுதல் என்பது அதன் பகுதிப்பொருள். சென்று சேர்தல் என்னும் பொருள் அச்சொல்லில் இல்லை. ஆயினும் நம்முள் பெரும்பாலோர் புறப்பட்ட இடத்திலேயே நின்றுகொண்டு, சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்துவிட்டவர் போலவே பேசி வருகின்றோம். தமிழ் கற்பித்து வாழும் எனக்கும் இக்குற்றம் உண்டு. அதனைச் சொல்லுதற்கே இக்கட்டுரையைத் தொடங்கினேன்.

அஸர் தொழுகை முடிந்து மஃரிபு வரையுள்ள பொழுது எங்கள் கரையிலே பேச்சுக்குரிய பொழுது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று தெற்கே அக்கரைப்பற்று வரையும் தேநீர்க்கடை வாங்குகளிலும், கடற்கரை மணலிலும், பள்ளிவாசல் முன்றிலிலும் நாள்தோறும் சபைகள் கூடும். அச்சபைகளுக்குத் தலைவரும் இல்லை. நிகழ்ச்சி நிரலும் இல்லை. எனினும் பேசப்படும் பொருள்கள் பெரும்பாலும் நான்கே. ஒன்று, கைத்தொலைபேசியும் அதனாற் கெட்டுப்போன உலகமும். மற்றொன்று அரசியல். மூன்றாவது, யார் எவ்வாறு பணக்காரர் ஆனார் என்பது. நான்காவது சற்றுத் தாழ்ந்த குரலிற் பேசப்படும்: இன்னாருடைய பிள்ளைக்கு ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை, இன்னாருடைய மகன் கூப்பிட்டால் முகம் பார்ப்பதில்லை, இன்னாருடைய பேரன் ஓரிடத்தில் இரான், எழுத்தும் ஏறவில்லை.

முதல் மூன்றிலும் சபை இரண்டாகப் பிரிந்து வாதாடும். நான்காவதில் மட்டும் எல்லாரும் ஒரே வாயாகத் தீர்ப்புக் கூறிவிடுவர். ஏனெனில் தீர்ப்புக்கு ஆளானவன் அங்கே இல்லை. இருந்தாலும் எதிர்மொழி கூற வல்லவன் அல்லன்.

ஓர் அபிப்பிராயம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை எங்கள் மாவட்டத்தார் பிறரிடம் கேட்டறிய வேண்டியதில்லை. 2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு அம்பாறை நகரிலே முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உண்ண வந்தவர், கறியில் ஏதோ ஒரு கட்டி கிடக்கக் கண்டார். அது சிங்கள மக்களை மலடாக்குவதற்காகக் கலக்கப்பட்ட மாத்திரை என்று குற்றஞ்சாட்டினார். கூட்டம் சூழ்ந்தது. சிங்களம் நன்கறியாத கடைக்காரர் அச்சத்தால் தடுமாறிச் சொன்ன விடை, கைத்தொலைபேசியிற் படம் பிடிக்கப்பட்டுக் குற்ற ஒப்புதல் என்ற பெயரோடு நாடெங்கும் பரவியது. கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, வாகனங்கள் தீக்கிரையாயின. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்திலே திகன முதலிய இடங்களில் வன்முறை மூண்டது; மார்ச் 6 ஆம் திகதி நாட்டில் அவசரகாலநிலை பிரகடனமாயிற்று.

அந்தக் கட்டியோ அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளரின் ஆய்வுகூடத்துக்குச் சென்றது. அது மாவு என்று முடிவு வந்தது. உணவிற் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று மருத்துவ உலகம் அறிந்தது எதுவும் இல்லை. முகநூல் நிறுவனம் தன் தளம் அவ்வாண்டு வன்முறைக்குப் பயன்பட்டமைக்காக 2020 மே மாதத்திலே வருத்தம் தெரிவித்தது.

இந்நிகழ்ச்சியைச் சற்று ஆய்ந்து நோக்கினால், தேநீர்க்கடைச் சபையின் முதல் மூன்று பொருள்களும் இதில் ஒன்றுகூடி நிற்பதைக் காணலாம். கருவி பரப்பியது. அரசியல் ஊதியது. செல்வத்தைப் பற்றிய பழைய அழுக்காறு விறகாயிற்று. முஸ்லிம் என்றால் வியாபாரி, வியாபாரி என்றால் செல்வன் என்பது தூரத்தில் இருப்போரின் அபிப்பிராயம். மருதமுனைத் தறியில் நாள் முழுதும் கால் ஓயாது மிதிப்பவரையும், சம்மாந்துறை வயலிற் கடன்பட்டு விதைப்பவரையும், இரவெல்லாம் கடலிற் கிடந்து வெறுந்தோணியோடு திரும்புபவரையும் அந்த அபிப்பிராயம் கண்டதில்லை.

ஈராண்டு கழித்து அபிப்பிராயமே சட்டமாயிற்று. கொவிட் நோயால் இறந்தோரை அடக்கஞ் செய்தால் நிலத்தடி நீர் நஞ்சாகும் என்று கூறி, 2020 ஏப்ரலில் தகனத்தைக் கட்டாயமாக்கும் வர்த்தமானி வெளிவந்தது. அடக்கம், தகனம் ஆகிய இரண்டும் ஏற்புடையன என்பதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல். 2021 பெப்ரவரி இறுதியிலே அத்தடை நீங்கியது. பின்னர் ஓட்டமாவடி மஜ்மா நகரில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது. அந்தப் பதினொரு திங்களில் எரியூட்டப்பட்டோரின் உறவினர்க்கு அம்மன்னிப்பு எத்துணை ஆறுதல் தந்தது என்பதை அவர்களே அறிவர்.

ஆராயாத சொல்லால் வரும் துன்பத்தை இவ்வளவு அறிந்த எங்கள் சமூகம், அந்தச் சபையின் நான்காம் பொருளில் மட்டும் தானே கூட்டமாக நின்று, பேசத் தெரியாத சிறுவனைச் சூழ்ந்துகொள்வது ஏன் என்பதே என் கேள்வி.

மனித மூளைகள் யாவும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல என்பது இன்றைய அறிவியலார் துணிபு. கேட்பதிலும், கவனிப்பதிலும், எழுத்தை ஒலியோடு இணைப்பதிலும், பிறர் முகக்குறிப்பை உணர்வதிலும் பிறவியிலேயே வேறுபட்ட மூளைகள் உண்டு. இவ்வேறுபாட்டை நரம்பியற் பன்மை என்று குறிக்கும் வழக்கு 1990களின் பிற்பகுதியில் உலகிற் பரவியது. நம் நாட்டார் ஓட்டிசம் என்றும், தமிழகத்தார் ஆட்டிசம் அல்லது மதியிறுக்கம் என்றும் கூறும் நிலை அவற்றுள் ஒன்று. வாசிப்பு இடர்பாடு இன்னொன்று. கவனம் ஓரிடத்து நில்லாமை மற்றொன்று.

இவற்றைப் பற்றிச் சபையில் வழங்கும் அபிப்பிராயங்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

"போனைக் குடுத்துக் குடுத்துத்தான் பிள்ளை இப்பிடி ஆன" என்பர் சிலர். அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலே லியோ கானர் என்னும் மருத்துவர் பதினொரு பிள்ளைகளை ஆராய்ந்து ஓட்டிசத்தை விவரித்த கட்டுரை 1943 இல் வெளியாயிற்று. கைத்தொலைபேசியிற் பேசிய முதற் பேச்சு 1973 இல் நிகழ்ந்தது. முப்பது ஆண்டு பிந்திப் பிறந்த கருவி முந்திய நோக்காட்டுக்குக் காரணமாதல் எங்ஙனம்? சிறு குழந்தைகளைத் திரைமுன் இருத்துதல் தகாது என்பது வேறு செய்தி. ஈரகவைக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்னும் கருத்துப்பட உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இற் கூறியுள்ளது. ஆனால் ஓட்டிசம் கருவிலும் குழவிப் பருவத்திலும் மூளை வளரும் வகையால் அமைவது. அதிற் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு. அன்றியும், பேச்சு வராத பிள்ளைகள் பலர் அதே கருவியிற் படத்தைத் தொட்டுத் தம் விருப்பத்தைத் தெரிவிக்கின்றனர்.

"இது பணக்கார வீட்டு நோய்" என்பது இன்னோர் அபிப்பிராயம். இது கற்றோரிடத்தும் நெடுங்காலம் நிலவியது. கானர் கண்ட பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் படித்தவர், வசதியுள்ளவர். அத்தகையோரே அவரது மருத்துவமனையைத் தேடிச் செல்ல வல்லவராயிருந்தனர் என்பது பின்னரே உணரப்பட்டது. ஏழையின் பிள்ளைக்கு அந்நிலை இருந்தது. அதற்குப் பெயர் மட்டும் இருக்கவில்லை. நம் நாட்டிலே 18 முதல் 24 மாதம் வரையுள்ள குழந்தைகளை ஆராய்ந்து 2009 இல் வெளியான ஆய்வு, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் உண்டு என்று கணித்தது. அக்கணக்கை வைத்துப் பார்த்தால், ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையிலே ஏறத்தாழப் பத்துப் பேர் இருத்தல் வேண்டும். அவர்கள் எங்கே? சிலர் பின்வாங்கில், சிலர் வீட்டின் உள்ளறையில்.

"தாய் சரியில்லை" என்பது மிகக் கொடிய அபிப்பிராயம். எங்கள் சபை இதனைச் சொல்வதற்கு முன்னரே மேனாட்டு அறிஞர் சொல்லிவிட்டனர். தாயின் அன்பின்மையே ஓட்டிசத்துக்குக் காரணம் என்று சிக்காகோப் பல்கலைக்கழகத்துப் புரூனோ பெத்தல்ஹைம் 1967 இல் நூல் எழுதினார். ஓட்டிசமுள்ள மகனைப் பெற்ற பேர்னார்ட் றிம்லண்ட் என்னும் உளவியலார் அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1964 இல், அக்கொள்கையை மறுத்து நூல் வெளியிட்டிருந்தார். ஆராய்ச்சி முந்தி வந்தும் அபிப்பிராயமே பிந்தியும் நின்றது.

தடுப்பூசியைக் காரணமாகக் கூறுவோரும் உளர். பன்னிரண்டே பிள்ளைகளை வைத்து 1998 இல் லான்செட் இதழில் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து பிறந்த பேச்சு அது. அக்கட்டுரையை 2010 இல் அவ்விதழே மீட்டுக்கொண்டது. தலைமை ஆசிரியரான வேக்ஃபீல்டின் பெயர் பிரித்தானிய மருத்துவப் பதிவேட்டிலிருந்து அதே ஆண்டில் நீக்கப்பட்டது. ஆயினும் பேச்சு இன்னும் மீளவில்லை.

இனி, ஜின் பிடித்தது, கண்ணூறு பட்டது என்போர். ஓதிப் பார்த்தலை நான் இகழ்வேன் அல்லன். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஆனால் தண்ணீர் ஓதுவதிலும் தாயத்துக் கட்டுவதிலும் மூன்று நான்கு ஆண்டுகள் கழிந்துவிடுமாயின், பேச்சுப் பயிற்சியாற் பெரும் பயன் விளையக்கூடிய இளம்பருவம் அதனோடு கழிந்துவிடும்.

நிற்க. பிறர் அபிப்பிராயங்களை எடுத்துக் காட்டினேன். என்னுடையதைச் சொல்லும் இடம் வந்தது.

1996 ஆம் ஆண்டு. நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஏழாம் ஆண்டு வகுப்பில் மாணாக்கன் ஒருவன். வாசிக்கச் சொன்னால் எழுத்தெழுத்தாய்த் தடவி, மூன்றாஞ் சொல்லில் நின்றுவிடுவான். சொல்வதெழுதலிலே கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். ஆனால் நான் வாய்மொழியாக விளக்கிய பாடத்தை மறுநாள் அடைவு பிறழாமற் சொல்வான். சிலப்பதிகாரக் கதையைச் சொல்லி முடித்த அன்று, "அவ்வளவு கோபமா வந்தவவ வாயிற்காவலன் ஏன் சேர் தடுக்கல்ல?" என்று எழுந்து கேட்டவன் அவன் ஒருவனே.

இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கும் அறிவு எனக்கு அப்போது இருக்கவில்லை. இத்துணை நினைவாற்றல் உள்ளவன் வாசியாதிருப்பது மனமின்மையாலேதான் என்று முடிவு கட்டினேன். பிரம்பை எடுத்தேன். வகுப்பு வாயிலில் நிறுத்தினேன். ஒருநாள் அவன் தாயார் வந்து, "சேர், காதால கேட்டா மறக்க மாட்டான். எழுத்துத்தான் இவனுக்குப் பிடிபடுதில்ல. அடிக்காம ஒருக்காச் சொல்லிக் குடுத்துப் பாருங்க" என்றார். எழுதப் படிக்க அறியாத அந்த அம்மையார், பண்டிதரான எனக்குச் சரியான ஆராய்ச்சி முடிவை ஒரே வாக்கியத்திற் கூறினார். நானோ வீட்டிற் கண்டித்து வளர்க்குமாறு புத்தி சொல்லி அனுப்பினேன். தவணை அறிக்கையில், "ஆற்றல் உண்டு, அக்கறை இல்லை, சோம்பல் மிகுதி" என்று சிவப்பு மையால் எழுதினேன். அடுத்த ஆண்டு அவன் பாடசாலைக்கு வரவில்லை.

இதற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1896 இல், இங்கிலாந்திலே பிறிங்கிள் மோர்கன் என்னும் மருத்துவர் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியிருந்தார். அறிவிற் குறைவில்லாத அச்சிறுவனுக்கு வாசிப்பு மட்டும் வரவில்லை. அவனுக்குப் பல ஆண்டு கற்பித்த ஆசிரியர், பாடம் முழுதும் வாய்மொழியாக நடக்குமாயின் பள்ளியில் அவனே முதல்வனாவான் என்று கூறியதாக அக்கட்டுரையிற் குறிப்பு உண்டு. வாசிப்பு இடர்பாடு பற்றிய முதற் குறிப்புகளுள் ஒன்றாக இன்று அது போற்றப்படுகின்றது. அந்த ஆசிரியர் கண்டதை நூறாண்டு பிந்திய நான் காணவில்லை. எழுத்தை ஒலியோடு இணைக்கும் வழி அம்மூளையில் எளிதாய்த் திறவாது என்பதும், அது சோம்பலும் அறிவின்மையும் அன்று என்பதும், முறையறிந்து படிப்படியாகக் கற்பித்தால் வாசிப்பு வரும் என்பதும் நான் மிகப் பிந்தி நூல்களிற் படித்தவை.

அதே 1996 இலே நம் நாட்டில் இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. இயலாமையைக் காரணமாகக் காட்டி ஒருவருக்குக் கல்வி நிறுவனத்திற் சேர்வதை மறுத்தலாகாது என்று அது கூறும். நான் அவனைச் சேர்க்க மறுக்கவில்லை. உள்ளே வைத்துக்கொண்டே வெளியேற்றினேன். அதனைத் தடுக்கும் சட்டத்தை எந்த நாடும் இயற்ற இயலாது. ஆசிரியனின் மனமே இயற்றிக்கொள்ள வேண்டும்.

மொழி கற்பிப்போர்க்கு இதில் இன்னுமொரு கடமை உண்டு. பிள்ளைகளைச் சுட்ட நாம் வழங்கும் சொற்களை நினைத்துப் பாருங்கள். மந்தமாருதம் என்னும்போது மந்தம் அழகு. அதுவே வகுப்பறையில் வசை. புறநானூற்றிலே உறையூர் முதுகண்ணன் சாத்தனார் எட்டு வகைக் குறைப்பிறப்புகளை அடுக்கும் பாட்டில் மருள் என்பதும் ஒன்று. பழந்தமிழர் இத்தகையோரைக் கண்டு பெயரிட்டிருந்தனர். பெயரிட்ட அளவில் நின்றனர். ஆயினும் ஏணிச்சேரி முடமோசியாரைப் புலவராக ஏற்று ஆய் அண்டிரன் போற்றினான். கண்ணில்லாதவர் காலில்லாதவரைத் தோளிற் சுமக்க, இருவரும் ஒரு வெண்பாவை ஆளுக்குப் பாதியாகப் பாடினர் என்று இரட்டைப் புலவரைப் பற்றிய வரலாறு கூறும். ஒருவர் வழி காட்ட ஒருவர் நடந்தார் என்பதே அதன் பயன். கற்பித்தலும் அத்தன்மையதே.

எங்கள் அயலூராகிய காரைதீவிலே 1892 இற் பிறந்த சுவாமி விபுலானந்தர் அறிவியலும் தமிழும் ஒருங்கு கற்றவர். 1930களிற் சென்னையிலே நடைபெற்ற கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கியவர். புதிய அறிவுக்குப் புதிய சொல் வேண்டும் என்பதை அவர் செயலாற் காட்டினார். ஒரு பிள்ளையின் நிலையை வசையின்றிச் சொல்ல நல்ல தமிழ்ச்சொற்களை ஆக்கி, வகுப்பறையிலும் வீட்டிலும் வழங்கச் செய்வது அவர்வழி வந்தோர்க்கு உரிய பணி.

செய்யத்தக்க சிறு செயல்களும் உள. வாசிக்க இயலாத பிள்ளைக்கு வினாவை வாசித்துக் காட்டலாம். எழுத மேலதிக நேரம் கொடுக்கலாம். ஓசை பொறாத பிள்ளையைக் கதவோரத்திலிருந்து மாற்றி அமர்த்தலாம். பெற்றோரை அழைத்துக் கண்டிப்பதற்கு முன், பிள்ளை வீட்டில் எவ்வாறு கற்கின்றது என்று கேட்கலாம். இவற்றுக்குச் செல்வம் வேண்டியதில்லை. ஆனால் முறையான பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் தேடிக் கூலித்தொழிலாளி ஒருவர் முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட கொழும்புப் பயணத்தை மேற்கொள்ள நேர்வது செல்வம் பற்றிய செய்திதான். தேர்தற் காலத்திலே தேநீர்க்கடைக்கு வரும் வேட்பாளரிடம் வீதியும் வடிகானும் கேட்கும் நாம், இதனையும் கேட்டால் அது பயனுள்ள அரசியல் ஆகும்.

திருமறையின் எண்பதாம் அத்தியாயமாகிய அபஸவின் வரலாற்றைப் பள்ளிப்பிள்ளைகளும் அறிவர். குறைஷித் தலைவர்களுக்கு நபி பெருமானார் (ஸல்) சன்மார்க்கத்தை எடுத்துரைத்துக்கொண்டிருந்தபோது, கண்பார்வையற்ற தோழர் ஒருவர் வந்து தமக்குக் கற்பிக்குமாறு வேண்டினார். அவ்வேளை அவர்பால் முகங்கொடாதிருந்தமை பற்றி இறைவசனம் இறங்கிற்று. செல்வரும் தலைவரும் ஒருபுறம், கற்க விரும்பி வந்த ஒருவர் மறுபுறம். எவர் பக்கம் முகம் திருப்ப வேண்டும் என்பதற்கு அங்கே விடை உண்டு. அத்தோழர் இப்னு உம்மி மக்தூம் பிற்காலத்திலே மதீனாவில் அதான் சொல்லும் பேறு பெற்றார். இந்த வரலாற்றைப் பலமுறை மேடையிற் பேசிய நான், என் வகுப்பு வாயிலில் நின்றவனை நினைத்ததில்லை.

சென்ற ஆண்டு அவர் என்னைத் தேடி வந்தார். இப்போது நாற்பதைக் கடந்தவர். வயல்களில் அறுவடை இயந்திரம் ஓட்டுபவர். கையிற் சிறுமியைப் பிடித்திருந்தார். "சேர், மகளும் என்னப் போலதான். வாயால கேளுங்க, எல்லாம் சொல்லுவா. எழுத்துக்காக அடிச்சிராதிங்க" என்றார். குறை கூறும் குரல் அதில் இல்லை. அதுவே என்னை வருத்தியது. அவ்வேளை அவருடைய கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. அவர் பொத்தானைத் தொட, கருவி அதனைத் தமிழில் வாசித்துக் காட்டியது. மறுநாள் எந்த வயலுக்குப் போக வேண்டும் என்ற செய்தி. கைத்தொலைபேசியாலே மாணாக்கரின் தமிழ் அழிந்தது என்று முதல்நாள் மாலைதான் நான் வாங்கிலிருந்து முழங்கியிருந்தேன். எழுத்துக்கும் அவருக்கும் இடையே நான் கட்டாத பாலத்தை அக்கருவி கட்டியிருந்தது.

லான்செட் இதழ் பன்னிரண்டு ஆண்டு கழித்துத் தன் கட்டுரையை மீட்டுக்கொண்டது. அரசாங்கம் மூன்றாண்டு கழித்து மன்னிப்புக் கோரியது. மாவுக் கட்டியை மாவு என்று சொல்ல ஓர் ஆய்வுகூடம் இருந்தது. நான் சிவப்பு மையால் எழுதிய அபிப்பிராயத்தை இதுவரை எவரும் சோதித்ததில்லை. ஆதலால் 1996 ஆம் ஆண்டின் அந்தத் தவணை அறிக்கையை இன்று நானே மீட்டுக்கொள்கின்றேன். அதில் இருக்க வேண்டியது இதுவே: ஆற்றல் உண்டு, அக்கறையும் உண்டு, கற்பிக்கும் வழி ஆசிரியருக்குத் தெரியவில்லை.